ஆர்லாண்டோவில் டிஸ்னிக்குப் போகாத நாட்களில் என்ன செய்யலாம்?

மகன் குடும்பம் டிஸ்னிக்கும் யுனிவர்சலுக்கும் நான்கு நாள் டிக்கெட் எடுத்துவிட்டது, எனக்கோ முதுகுவலி, ராட்டினம் ஆகாது, அந்த நான்கு நாளும் அறையிலேயே கிடக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மகள் வீட்டில் ஐந்தரை மாதம் இருந்துவிட்டு வந்தவன் நான். கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரே ஒரு நாள்தான் போனேன். மற்ற நாட்களில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருடம் நிலத்தடி நீர் சம்பந்தப்பட்ட அரசு வேலை எனக்கு. ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது வெளியே வரும் கல்துகளை விரலில் தேய்த்துப் பார்த்தே காலம் போயிற்று. ஆகவே இந்தப் பதில் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் ஆர்லாண்டோ உட்கார்ந்திருப்பது சுண்ணாம்புப் பாறையின்மேல். மழைநீரில் மெல்லக் கரையும் பாறை அது. உள்ளே குகையும் சந்துமாக அரித்துக்கொண்டே போய், மேல்கூரை தாங்காத இடத்தில் நிலம் உள்வாங்கிவிடும். அந்தப் பள்ளத்தில் நீர் நின்றால் ஏரி. ஆர்லாண்டோ நகரத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை. நம் ஊர் ஏரிபோல் கரை கட்டி, மதகும் கலிங்கும் வைத்து மனிதர் உண்டாக்கியவை அல்ல. ஊர் நடுவே அலுவலகக் கோபுரங்கள் சூழ இருக்கும் ஈயோலா ஏரியும் அப்படி விழுந்த பள்ளம்தான். சுற்றி நடக்க ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகுகள் இருக்கின்றன, நிஜ அன்னங்களும் இருக்கின்றன. நிஜ அன்னம் கோபக்காரப் பறவை. குஞ்சோடு இருக்கும்போது கிட்டே போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கரையில் சந்தை கூடும்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் வின்டர் பார்க்குக்குப் போங்கள். ஆர்லாண்டோவை ஒட்டியிருக்கும் சிற்றூர். 1938 முதல் அங்கே ஒரு படகுச் சவாரி நடக்கிறது. கூரையில்லாத தட்டையான படகு, சுமார் ஒரு மணி நேரம், ஏரிவிட்டு ஏரி. நடுவில் இருக்கும் கால்வாய்கள் 19ஆம் நூற்றாண்டில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோவதற்காக வெட்டப்பட்டவை. சில இடங்களில் இருபக்கத்துச் செடிகளும் தோளை உரசும் அளவுக்குக் குறுகல். பணக்காரர் வீட்டுப் பின்கட்டுகளை விலாவாரியாகக் காட்டுவார் படகோட்டி. எனக்கு அதில் நாட்டமில்லை. ஒரு படகுத்துறைக் கட்டைமேல் சிறகை இரண்டு பக்கமும் விரித்துக் காயவைத்துக்கொண்டு அன்ஹிங்கா ஒன்று நின்றிருந்தது. நம் பாம்புத்தாராவின் பங்காளி. அதே பாம்புக் கழுத்து, அதே ஈட்டி அலகு. படகு பக்கத்தில் போயும் அது சிறகை மடக்கவில்லை. வேடந்தாங்கலில் இத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

அதே ஊரில்தான் 1981 மே மாதம் ஒரு மரம் முதலில் நிலத்துக்குள் போயிற்று. பிறகு ஒரு வீடு. பிறகு நகராட்சி நீச்சல் குளத்தின் ஒரு பகுதியும், பழுதுபார்க்க விட்டிருந்த போர்ஷே கார்கள் சிலவும். ஏறத்தாழ 350 அடி அகலத்துக்குப் பள்ளம். இன்றைக்கு அங்கே போனால் புல் முளைத்த கரையோடு சாதுவாக ஒரு குளம் இருக்கிறது; ரோஸ் ஏரி என்று பெயர். பார்க்க ஒன்றுமே இல்லை. நான் இரண்டு தடவை போனேன், மகள் சிரித்தாள். வண்ணக் கண்ணாடி வேலைப்பாட்டில் விருப்பமிருந்தால் மோர்ஸ் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1893 சிகாகோ கண்காட்சிக்காகக் கண்ணாடிக் கலைஞர் டிஃபனி செய்த சிற்றாலயத்தை முழுசாக அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பாறைக்குள் போன தண்ணீர் எங்காவது வெளியே வர வேண்டுமே! வெகிவா ஊற்று அப்படி வருகிற இடம். நாளொன்றுக்குச் சுமார் 4 கோடி காலன், ஆடியிலும் மார்கழியிலும் ஒரே சூடு: 22 டிகிரி செல்சியஸ். முதலில் கால் வைத்தபோது விறைத்தது. கழுத்தளவு இறங்கிக் குனிந்து பார்த்தேன். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிவு. ஊற்றுக்கண் இருக்கும் பிளவுக்கு நேர்மேலே மிதந்தால் தண்ணீர் நம்மை அடியிலிருந்து லேசாகத் தள்ளுகிறது, உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல. கிணற்றில் ஊற்றுக்கண் திறந்துவிட்டது என்று தோட்டக்காரர் மேலே நின்று கத்துவதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கண்ணுக்குமேலே மல்லாந்து மிதந்தது அறுபத்து நான்கு வயதில்தான். முதுகுவலிக்கும் நல்லது என்று சொல்ல ஆசை. நான் வைத்தியன் இல்லை. விடுமுறை நாளில் கூட்டம் நிரம்பியதும் வாயிலை மூடிவிடுவார்கள். நாங்கள் ஒரு ஞாயிறன்று இட்லி சாப்பிட்டுச் சாவகாசமாகக் கிளம்பிப் போய், வந்த வழியே திரும்பினோம். வாரநாளில் காலை எட்டு மணிக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் போவது நவம்பர் நடுவிலிருந்து மார்ச்சுக்குள் என்றால் வடக்கே புளூ ஸ்பிரிங் என்ற ஊற்றை விடவே கூடாது. பக்கத்தில் ஓடும் செயின்ட் ஜான்ஸ் ஆறு குளிர்ந்ததும் மனாட்டிகள் நூற்றுக்கணக்கில் ஊற்று நீரின் வெதுவெதுப்புக்கு ஒதுங்குகின்றன. பாக் விரிகுடாவில் நம் அரசு 2022இல் காப்பகம் அறிவித்ததே, ஆவுளியா என்னும் கடற்பசு, அதன் உறவுக்கார விலங்குதான் மனாட்டி. மரப்பாலத்தில் நின்றால் கண்ணாடித் தண்ணீருக்குள் சாம்பல் நிற மூட்டைகளாக அடுக்கிக் கிடக்கும். அவை வரும் காலத்தில் நீங்கள் இறங்கிக் குளிக்க முடியாது. அந்த ஆறும் ஒரு விசித்திரம்: 310 மைல் ஓடுகிறது, மொத்தச் சரிவு 30 அடிதான். இந்தச் சரிவுக்கு நம் ஊரில் ஒரு வாய்க்கால்கூட வெட்ட ஒப்புதல் தர மாட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக. பேரப்பிள்ளைகள் உங்களோடு வருவதாக இருந்தால் கேட்டர்லாண்ட். 1949 முதல் இருக்கும் முதலைப் பண்ணை, டிஸ்னியைவிட 22 வருடம் மூத்தது. கென்னடி விண்வெளி மையத்துக்குக் கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போக வேண்டும். அட்லாண்டிஸ் விண்ணோடமும் சாட்டர்ன் 5 ராக்கெட்டும் அங்கே இருக்கின்றன, முழு நாள் ஒதுக்குங்கள். போக முடியாவிட்டாலும் ராக்கெட் ஏவும் இரவில் வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் போதும், நெருப்பு ஏறுவது ஊரிலிருந்தே தெரியும்.

கார் ஓட்ட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், நானும் ஓட்டவில்லை. சன்ரெயில் என்ற உள்ளூர் ரயில் வின்டர் பார்க்குக்குப் போகிறது. நிலையத்திலிருந்து படகுத்துறை மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். ஈயோலாவுக்கு நகர நடுவில் இறங்கி நடக்கலாம். ஆனால் அந்த ரயில் சனி, ஞாயிறு ஓடாது; சந்தை நாளுக்கு வேறு வண்டிதான். ஊற்றுகளுக்கு ரயில் கிடையாது, மகனிடம் ஒரு காலை நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அங்கே நன்னீர் எங்கே இருந்தாலும் அதில் முதலை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க விட்டிருக்கும் இடம் தவிர வேறெங்கும் கால்கூட நனைக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மத்தியானத்துக்குமேல் இடியும் மழையும் ஏறக்குறைய தினமும் வரும், அதனால் படகுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தொப்பி மறக்க வேண்டாம், படகில் கூரை கிடையாது.