ஹோபார்ட் போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: சிட்னியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகத் துறைமுகத்துக்குள் நடக்கும் வாராந்தரப் பாய்மரப் படகுப் போட்டிகளில் க்ரூவாக (படகுக் குழுவில் ஒருவனாக) போய்வருகிறேன். சிட்னியிலிருந்து டாஸ்மேனியாவின் ஹோபார்ட் வரை கடலில் ஓடும் சிட்னி–ஹோபார்ட் போட்டிக்கு, இந்த டிசம்பரில் தன் 40 அடிப் படகில் வரச்சொல்லி ஒரு ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) கேட்கிறார். 2024 போட்டியில் இருவர் இறந்ததைச் சொல்லி மனைவி வேண்டாம் என்கிறார். புயல் வந்தால் உண்மையில் என்ன ஆகும்? ஒப்புக்கொள்ளும் முன் நான் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் மனைவியின் பயம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் எது என்று சரியாகத் தெரிந்தால், போவதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவருமே உட்கார்ந்து முடிவு செய்ய முடியும்.

துறைமுகத்துக்குள் ஓட்டுகிறவர்கள் காற்றைத்தான் எதிரியாக நினைக்கிறார்கள். நடுக்கடலில் காற்றை ஓரளவு சமாளிக்கலாம். பாயைச் சுருக்கலாம், முழுவதுமாக இறக்கிவிடலாம். ஆளைக் கொல்வது உடைந்து விழும் அலை. புயலில் பலர் இறந்த 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டிக்குப் பிறகு பிரிட்டனில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். படகு நீளத்தில் சுமார் 30 சதவீத உயரமுள்ள அலை பக்கவாட்டில் உடைந்து விழுந்தால் படகு கவிழக்கூடும்; 60 சதவீதம் என்றால் அநேகமாக எந்தப் படகும் தலைகீழாகப் புரண்டுவிடும் என்று தெரியவந்தது. உங்கள் 40 அடிப் படகுக்கு அது முறையே 3.7 மீட்டர், 7.3 மீட்டர். நீண்டு உருண்டு வரும் 7 மீட்டர் அலையில் படகு ஏறி இறங்கிவிடும். செங்குத்தாகி நுரையோடு சரியும் அலைதான் ஆபத்து.

உங்கள் பாதையில் அப்படிப்பட்ட அலை உருவாக எல்லாம் கூடிவரும் இடம் ஒன்று உண்டு. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே ஓடுகிறது. போட்டிப் படகுகள் வேகத்துக்காக அதைத் தேடிப்போய் ஏறிக்கொள்ளும். தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ புயல்காற்று வந்தால் அது நீரோட்டத்துக்கு எதிராக மோதும். அலைகள் நெருங்கி, செங்குத்தாகி, உடையும். அதற்கு அப்புறம் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே உள்ள பாஸ் நீரிணை. அதன் சராசரி ஆழம் சுமார் 60 மீட்டர்தான். சற்றே கிழக்கே கண்டத்திட்டு முடிந்து கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. இந்த ஆழ வித்தியாசமும் அலையைச் செங்குத்தாக்கும்.

1998 சிட்னி–ஹோபார்ட் போட்டியில் நடந்தது இதுதான். 115 படகுகள் கிளம்பின, 44 மட்டுமே ஹோபார்ட் சேர்ந்தன. ஐந்து படகுகள் மூழ்கின, ஆறு பேர் இறந்தார்கள், 55 பேரை ஹெலிகாப்டர்களும் கப்பல்களும் மீட்டன. போட்டி தொடங்கிய அன்று பிற்பகலிலேயே வானிலைத் துறை புயல் எச்சரிக்கை கொடுத்திருந்தது. கிடைத்த எண்ணை ஸ்கிப்பர்கள் பலர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். 45 முதல் 55 நாட் என்றால் அது சராசரிக் காற்று. வீச்சு அதைவிட 40 சதவீதம் கூடுதலாக இருக்கலாம். அதாவது 77 நாட் வரை, மணிக்கு 140 கிலோமீட்டருக்கும் மேல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அலை உயரமும் அப்படித்தான்: அறிக்கையில் வருவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று ஏறக்குறைய அதன் இரண்டு மடங்குவரை எழும்பலாம். இதை இன்று எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். முன்னறிவிப்பைப் பார்க்கும்போது உங்கள் மனத்திலேயே பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே ஸ்கிப்பரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: எந்த நிலைமையில் ஈடன் துறைமுகத்துக்குள் திரும்புவீர்கள்? நீரிணைக்குள் நுழையுமுன் ஒதுங்க நல்ல துறைமுகம் ஈடன்தான். அதைத் தாண்டிய பிறகு, முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் புயலுக்குள்தான். 1998 அனுபவத்துக்குப் பின், ஈடனுக்குச் சற்றுத் தெற்கே உள்ள கிரீன் முனை அருகே ஒவ்வொரு படகும் தொடர்ந்து செல்லத் தகுதியோடு இருப்பதாக ரேடியோவில் அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்த அறிவிப்பை அவர் யாரைக் கலந்து கொடுப்பார், வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடக்கும் க்ரூவையும் கணக்கில் எடுப்பாரா என்று கேளுங்கள். “அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னால், என் யோசனை, அந்தப் படகில் ஏறாதீர்கள். இரண்டு நாள் தூக்கமில்லாமல், குளிரில் நனைந்தபடி எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருக்காது. அளவுகோலைக் கரையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது லைஃப் ராஃப்ட், அதாவது காற்றடைத்த உயிர்காப்பு மிதவை. படகு புரண்டு பாய்மரம் முறிந்து தண்ணீர் உள்ளே வந்ததும், ராஃப்டில் ஏறினால் தப்பிக்கலாம் என்று தோன்றும். 1979 ஃபாஸ்ட்நெட்டில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேரின் மரணம் ராஃப்டோடு சம்பந்தப்பட்டது. அந்த ஏழு பேரும் விட்டுப்போன படகுகள் பிறகு மிதந்துகொண்டிருந்தன, கரைக்கு இழுத்துவரப்பட்டன. ராஃப்ட் பாதுகாப்பான வீடும் அல்ல. 1998-இல் வின்ஸ்டன் சர்ச்சில் என்ற படகு உண்மையிலேயே மூழ்கியது, ராஃப்டைத் தவிர வழியில்லை. ஒரு ராஃப்ட் கவிழ்ந்து, உள்ளே இருந்தவர்கள் மூச்சுக்காக ராஃப்டின் அடித்தரையைக் கிழிக்க வேண்டியதாயிற்று. பின் அது பிய்ந்து, மூவரை அலை அடித்துக்கொண்டு போனது. படகு உங்களை விட்டு மூழ்குகிறவரை நீங்கள் அதை விட்டு இறங்கக் கூடாது. 2018-இல் தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் படகு புரண்டு முதுகெலும்பு அடிபட்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, பாய்மரம் இழந்த அதே படகுக்குள் நகர முடியாமல் படுத்தே கிடந்தார். ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து அவரை மீட்டது.

ஆளைப் படகோடு பட்டையால் இணைக்கும் ஹார்னஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1998-இல் ஒருவரை இணைத்திருந்த பட்டை தாங்காமல் அவர் கடலில் போய்விட்டார். இன்னொரு படகில் ஒருவர், கவிழ்ந்த படகோடு கட்டுண்டதால் மூழ்கி இறந்தார். ஆகவே உங்கள் சொந்த ஹார்னஸை வாங்குங்கள், தையலைப் பாருங்கள், உடல் எடை தொங்கும்போதும் மார்புப் பக்கத்துக் கொக்கியை ஒற்றைக் கையால் கழற்ற முடிகிறதா என்று பழகுங்கள். கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டுக்குத் தொடையிடைப் பட்டை வேண்டும்; கடலில் விழுந்தவர் இருக்கும் இடத்தை அருகிலுள்ள படகுகளின் திரையில் காட்டும் ஏஐஎஸ் பீக்கனும் வேண்டும். 2024-இல் கடலில் விழுந்த ஒருவரை இரவில் சக க்ரூவினரே தேடி எடுத்ததற்கு அந்தச் சிறு கருவி பெரிய உதவி.

அந்த ஆண்டு இறந்த இருவர் அலையால் இறக்கவில்லை. பலத்த காற்றில், இரவில், ஒருவரைப் பூம் (பெரிய பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கிடைக்கட்டை) அடித்தது. இன்னொருவர் பெரிய பாயின் கயிறு இழுத்துத் தள்ளியதில் அடிபட்டார். துறைமுகத்தில் பழகியவருக்கு இதில்தான் கவனம் பிசகும். பூம் திடீரென மறுபக்கம் வீசாமல் தடுக்கும் ப்ரிவென்டர் கயிறு எப்போது கட்டப்படும், பூம் வீசும் வட்டத்துக்குள் யாருக்கு வேலை என்று கேட்டுவிடுங்கள்.

கடல் பாதுகாப்புப் பயிற்சியைக் க்ரூவில் பாதிப் பேர் முடித்தால் விதிக்குப் போதும். உங்களுக்குப் போதாது, நீங்களும் முடியுங்கள். குளத்தில் கவிழ்ந்த ராஃப்டை நிமிர்த்திப் பார்த்தவருக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும். டிசம்பருக்கு முன்பே அதே படகில், அதே க்ரூவோடு, இரவுப் பயணமாகக் கடலுக்குள் ஒருமுறையாவது போய்வாருங்கள். கடல் குமட்டல் மாத்திரையையும் அப்போதே சோதித்துவிடலாம். அந்தப் பயணத்துக்கு ஸ்கிப்பர் நேரம் ஒதுக்க மாட்டார் என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசர பீக்கன் (பிஎல்பி) எடுத்துப்போனால் அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து, அவசரத் தொடர்புக்கு மனைவியின் எண்ணைக் கொடுங்கள். படகுகள் எங்கே இருக்கின்றன என்று இணையத்தில் காட்டும் போட்டியின் டிராக்கரில் உங்கள் படகின் புள்ளி சில மணி நேரம் நகராமல் நின்றால் சிக்னல் போனதாகவும் இருக்கலாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஈடனை நோக்கிப் புள்ளி திரும்பினால் ஏதோ விபத்து என்று பதறக் கூடாது, திட்டமிட்டபடி திரும்புகிறீர்கள் என்று அர்த்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.