அப்டேட் பாதியில் திரும்புகிறதா? ஃபார்மேட் செய்ய அவசரப்படாதீர்கள்

கேள்வி (டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி): வீட்டில் விண்டோஸ் 11 டெஸ்க்டாப் இருக்கிறது. அப்டேட் ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் மறுபடி ஓடுகிறது, ஆனால் அன்றிலிருந்து எந்த அப்டேட்டும் ஏறுவதில்லை. ரீஸ்டார்ட் ஆகி, கால்வாசி போனதும் பழையபடி திரும்பிவிடுகிறது. ஃபார்மேட் செய்துவிடலாம் என்கிறான் மகன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பாடங்கள், காவடிப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: ஃபார்மேட் வேண்டாம் அம்மா. திரும்பிவிடுகிறது என்றால் விண்டோஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். அப்டேட் டவுன்லோட் ஆகும்போது கரண்ட் போனால் நஷ்டமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட் ஆகி, பழைய ஃபைல்களை மாற்றும் நேரத்தில் போவதுதான் ஆபத்து. விண்டோஸ் தன் உறுப்புகளுக்கென்று ஒரு சேமிப்பு வைத்திருக்கிறது. அதில் ஒன்று கெட்டிருந்தாலும், அதன்மேல் வர வேண்டிய அடுத்த அப்டேட் ஏறாமல் போகலாம்.

முதல் வேலை, பாடங்களையும் படங்களையும் வெளி டிரைவில் நகலெடுப்பது. எடுத்ததும் டிரைவைக் கழற்றிவிடுங்கள். பிரிண்டரையும் கழற்றுங்கள், இணைத்திருக்கும் கருவிகளே சில சமயம் அப்டேட்டைத் தடுக்கும்.

அடுத்து, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. தோற்ற அப்டேட்டுக்குப் பக்கத்தில் பிழை எண் இருக்கும். கடைசி நான்கு இலக்கம் 0070 என்றால் டிஸ்கில் இடமில்லை. 0922 என்றால் விபிஎன் (இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பும் ஆப்) குறுக்கே நிற்கலாம், அல்லது விண்டோஸின் சிறிய மறைவுப் பகுதி நிரம்பியிருக்கலாம். 3712 என்றால் நான் சொன்ன சேமிப்பே பழுது. உங்கள் கதையைக் கேட்டால் அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

எதுவானாலும் சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸை அழிக்கும்போது, அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அதில் டிக் விழுந்துவிடாமல் பாருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து சேமித்த படங்கள் பலருக்கும் அங்கேதான் கிடக்கும்.

இனி பழுதுபார்ப்பு. சி டிரைவில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய் டிஸ்கைச் சோதியுங்கள். திடீரென்று கரண்ட் போன டிஸ்கில் இதைத் தாண்டிப் போகக் கூடாது. பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி. அங்கே விண்டோஸ் அப்டேட் மூலமாகவே பழுதுபார்க்க ‘ரீஇன்ஸ்டால் நவ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அது விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றும். உங்கள் ஃபைல்களும் ஆப்களும் செட்டிங்குகளும் அப்படியே இருக்கும். மகனிடம் இதைக் காட்டுங்கள். பக்கத்திலேயே ‘ரீசெட்’ என்றும் ஒன்று இருக்கும், அது வேறு, ஆப்களை நீக்கிவிடும். கை தவறி அதை அழுத்திவிடக் கூடாது.

தொடங்குமுன் இரண்டு விஷயம். பல ஜிபி இறங்கும். மொபைல் டேட்டா என்றால் மலிவான இரவு டேட்டா வாங்கிக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், ரீஸ்டார்ட்டில் 48 இலக்கச் சாவி கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்பே பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். லோட் ஷெட்டிங் என்னும் சுழற்சி மின்வெட்டு அறிவித்திருந்தால் அதன் அட்டவணையைப் பாருங்கள், இடிமழை நாளில் தொடங்காதீர்கள். வைஃபை ரூட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ் டெஸ்க்டாப்பைத் தாங்காது. இன்வெர்ட்டர் இருந்தால் அதில் இணையுங்கள். பழைய டிஸ்க் என்றால் ஒரே சதவீதத்தில் வெகு நேரம் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் டிஸ்கே தேய்ந்திருக்கலாம். கடைக்குக் கொண்டுபோனால், முதலில் டிஸ்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.