டெல்லியில் பாதி நாள்தான் மிச்சம்: தேசிய நவீனக் கலைக்கூடமா, கிரண் நாடார் அருங்காட்சியகமா?

முதல் தடவை டெல்லி வருகிறீர்கள், செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் பார்த்தது போகப் பாதி நாள் கையில் இருக்கிறது, ஓவியம் பார்க்கப் பிடிக்கும் ஆனால் பெரிய பழக்கம் இல்லை, இரண்டில் எதற்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேசிய நவீனக் கலைக்கூடம். என்ஜிஎம்ஏ என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியாது, 'இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸ்' என்று சொல்லுங்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். நான் டெல்லி முனீர்காவில் 17 வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில்தான். அதனால் இந்த இரண்டு இடத்துக்கும் எத்தனை தடவை போனேன் என்று கணக்கே இல்லை. நான் ஓவியம் படித்தவள் அல்ல, வங்கியில் வேலை. ஆகவே இது விருந்தாளிகளைக் கூட்டிப்போய் அலைந்தவளின் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

என் மாமனார் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஜனவரியில் வந்திருந்தார். "படம் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று முனகிக்கொண்டேதான் கிளம்பினார். ஜெய்ப்பூர் ஹவுஸ் வாசலைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, இது நம்ம பீச்ல இருக்கிற சிலையாச்சே! இங்க எப்படி வந்துச்சு?"

மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலைதான். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளி. ஆனால் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக 1957 வரை, கால் நூற்றாண்டுக்கும் மேல் இருந்தவர். அதே சிலையின் இன்னொரு வார்ப்பு இங்கே இருக்கிறது. மெரினாவில் பஸ் ஜன்னல் வழியாகத்தான் நாம் அதைப் பார்த்திருப்போம். இங்கே கிட்டே போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். மாமா அரை மணி நேரம் அந்த நாலு பேரையே பார்த்தார். "நெம்புறவன் கால் எங்க ஊனியிருக்குன்னு பாரு. வேலை தெரிஞ்சவன் செஞ்சது" என்றார். உள்ளே போகாமலே டிக்கெட் காசு வசூலாகிவிட்டது எனக்கு. (டிக்கெட் 20 ரூபாய். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சித்தி மகனுக்கு 500. அதற்கு அவன் அன்று முழுக்கப் புலம்பினான்.)

கட்டடமே பழைய ஜெய்ப்பூர் மகாராஜாவின் டெல்லி மாளிகை. 1954 மார்ச்சில் அங்கே கலைக்கூடத்தைத் திறந்து வைத்தவர், திருத்தணியில் பிறந்து அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன். பின்பக்கம் உள்ள பெரிய புதிய கட்டடம் 2009-இல் சேர்ந்தது.

சரி, உள்ளே என்ன பார்ப்பது? ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், ராம்கிங்கர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்த பெயர்கள் எல்லாம் உண்டு. ஆனால் நான் போகச் சொல்வது அம்ரிதா ஷேர்-கில் என்ற பெண் ஓவியருக்காக. அவருடைய நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இந்தக் கலைக்கூடத்திடம் இருக்கின்றன. அவர் 28 வயதில் இறந்துவிட்டார் என்பதை நினைத்தால், அந்தச் சின்ன வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை, விற்று வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

இரண்டு படங்களை மட்டும் தேடிப் பாருங்கள். ஒன்று, பாரிஸில் படிக்கும்போது 1932-இல் வரைந்த 'இளம் பெண்கள்'. எண்ணெய் வண்ணம், ஐரோப்பிய அறை, ஐரோப்பிய வெளிச்சம். அங்கே பரிசு வாங்கிக் கொடுத்த படம். இன்னொன்று, 1937-இல் வரைந்த 'பிரம்மச்சாரிகள்'. நடுவில் அவர் இந்தியா திரும்பி, அஜந்தா பார்த்து, கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி வரை தெற்கே வந்து போயிருக்கிறார். பூணூலும் வேட்டியுமாக ஐந்து பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் எதுவும் செய்யவில்லை. முகத்தில் விழும் வெளிச்சம், நிழல் என்ற விளையாட்டெல்லாம் குறைந்து, வண்ணம் பட்டையாக, சுவரோவியம் மாதிரி அமர்ந்துவிட்டது. ஐந்து வருடத்தில் ஒரு கை இப்படி மாறுமா என்று இருக்கும். மாமா அதன் முன்னால் நின்று, "பாடசாலைப் பசங்க. சாப்பாட்டு மணிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். நான் படித்த எந்த விளக்கத்தையும் விட அதுதான் எனக்கு இப்போது நினைவில் நிற்கிறது.

எச்சரிக்கை ஒன்று. எல்லாப் படமும் எல்லா நாளும் சுவரில் இருக்காது. பெரிய கண்காட்சி நடந்தால் காட்சி அமைப்பை மாற்றுவார்கள். கிளம்பும் முன் அன்று எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷேர்-கில் படங்கள் இல்லை என்று சொன்னால், என் பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற இடத்துக்கே போங்கள்.

அந்த மற்ற இடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிரண் நாடார் அருங்காட்சியகம் சாகேத்தில் ஒரு மாலுக்குள் இருக்கிறது. மால்வியா நகர் மெட்ரோவில் இறங்க வேண்டும், நுழைவு இலவசம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரரான, ஹெச்சிஎல் கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கிய ஷிவ் நாடாரின் மனைவி கிரண் 2010-இல் தொடங்கியது. அங்கே நிரந்தரமாக மாட்டி வைத்ததைப் பார்க்கப் போவதில்லை, அப்போது நடக்கும் கண்காட்சியைப் பார்க்கப் போகிறோம். அதனால் அதிர்ஷ்டம் இருந்தால் பிரமாதம். 2013-இல் நஸ்ரீன் முகமதி என்ற ஓவியரின் கண்காட்சி பார்த்தேன். பென்சிலும் மையும் கொண்டு இழுத்த கோடுகள், கோடுகள் மட்டும். முதல் அறையில் ரூல்டு நோட்டு மாதிரி இருக்கிறதே என்று சலிப்பு. கடைசிக் காலத்தில் உடம்பைக் கட்டுப்படுத்த முடியாத நோயோடு அந்தக் கோடுகளை இழுத்திருக்கிறார் என்று படித்த பிறகு, திரும்ப முதல் அறையிலிருந்து தொடங்கினேன். ஆனால் பழக்கமில்லாத ஒருவரை முதல் தடவையே அப்படி ஒரு அறையில் விட்டால் பயந்துவிடுவார்.

உங்களோடு குழந்தைகளோ, படத்தில் ஆர்வமே இல்லாதவர்களோ வந்தால் மட்டும் சாகேத் பக்கம் சாயலாம். அவர்களை மாலில் விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகப் பார்க்கலாம். அவர்களுக்கும் சுபோத் குப்தா என்ற கலைஞரின் பாத்திர மலை ஒன்று போதும். எவர்சில்வர் தூக்கு, தட்டு, சம்புடம், கரண்டி என்று 26 டன் பாத்திரங்களை அணுகுண்டுப் புகை எழும்புவது போல அடுக்கியிருக்கிறார். 2008-இல் செய்தது, பெயர் 'எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு'. என் அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை எல்லாம் யாருடி துலக்குறது?" என்றாள். விமான நிலையத்துப் பக்கம் இந்த அருங்காட்சியகத்துக்குப் பெரிய புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே முகவரியைப் புறப்படும் முன் ஒரு தடவை சரிபாருங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். ஒன்று இந்தியா கேட், ஒன்று தெற்குக் கோடி. அப்புறம், ஒன்றரை மணி நேரம் தாண்டினால் எனக்கு எல்லாப் படமும் காலண்டர் மாதிரிதான் தெரியும். ஜெய்ப்பூர் ஹவுஸ் முடித்துப் பசித்தால் ஆந்திரா பவன் ஆட்டோ தூரம்தான், சாப்பாடு காரமாக இருக்கும். திங்கட்கிழமை இரண்டுமே விடுமுறை. எனக்கு அது தெரிந்தது, எட்டுப் பேரோடு டெம்போ டிராவலர் பிடித்து, பூட்டின கேட் முன்னால் இறங்கின அன்றுதான்.

விமான நிலையத்துக்குப் போகும்போது நேரம் இருந்தால் சர்தார் படேல் மார்க் வழியாகப் போகச் சொல்லுங்கள். காந்தி முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பேர் வரும் தண்டி யாத்திரைச் சிலை அந்த வழியில் வரும். பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது அதுதான், செய்தவரும் அதே ராய் சௌத்ரிதான். டிரைவரிடம் 'க்யாரா மூர்த்தி' (இந்தியில் பதினொரு சிலை) என்று கேளுங்கள், தெரியும். இடது பக்கமா வலது பக்கமா என்று அவரையே கேட்டு உட்காருங்கள், வண்டி அங்கே நிற்காது.