தோலின் மின்தடையும் பரிவு நரம்பு மண்டலமும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: மனம் பதறும்போது உள்ளங்கைத் தோலின் மின்தடை குறைகிறது என்கிறார்கள். தோலுக்கும் மனத்துக்கும் இடையே என்ன தொடர்பு?

பதில்: இடையில் நிற்பது வியர்வைச் சுரப்பி. தோலின் மேற்புறத்தில் உள்ள இறந்த செல்களாலான படலம் உலர்ந்திருக்கும் வரை மின்சாரத்தை எளிதில் விடாது. அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் வியர்வை நாளங்களில் உப்புநீர் ஏறும்போது, ஒவ்வொரு நாளமும் மின்னோட்டத்துக்கு ஒரு வழியாகிவிடுகிறது. நாளத்தில் நீர் ஏறினாலே போதும், வியர்வை வெளியே துளிர்க்க வேண்டும் என்பதில்லை. கை ஈரமாக இருப்பதை நாம் உணரும் முன்பே கருவி மாற்றத்தைக் காட்டிவிடுவது இதனால்தான். சுரப்பியை இயக்கும் ஆணை மூளையின் ஹைப்போதலாமஸ், அமிக்டலா போன்ற பகுதிகளின் தூண்டுதலால் தண்டுவடத்துக்கு இறங்கி, பதற்றத்திலும் கிளர்ச்சியிலும் உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. 1888இல் பிரான்சில் ஃபெரே என்பவர் உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி இந்த மாற்றத்தைக் கண்டார். 1890இல் தார்க்கனோஃப் வெளியிலிருந்து மின்னோட்டம் எதுவும் செலுத்தாமலேயே தோலின் மின்னழுத்தம் மாறுவதைக் காட்டினார். இரண்டு முறைகளும் இன்றும் வழக்கில் உள்ளன.

கேள்வி: பரிவு நரம்பு முனைகள் செய்தி கடத்த நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் பதற்றத்துக்குத் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்து, கை வியர்ப்பதையும் நிறுத்திவிடுமா?

பதில்: நல்ல கேள்வி, பலர் தடுமாறும் இடமும் இதுவே. பரிவு நரம்புகளின் இறுதி முனைகள் பெரும்பாலும் நார்அட்ரீனலினையே சுரக்கின்றன என்பது சரி. ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நிறைந்திருக்கும் வியர்வைச் சுரப்பிகள் அந்த விதிக்கு விலக்கு. அங்கு வந்து முடியும் நரம்பு பரிவு மண்டலத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், அது சுரப்பது அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருள். ஆகவே இதயத்தில் நார்அட்ரீனலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்து, நாடித்துடிப்பைக் குறைப்பதுபோல வியர்வைச் சுரப்பியை நேரடியாக மட்டுப்படுத்துவதில்லை. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபின் என்ற மருந்தோ தோலின் மின்மாற்றத்தை அப்படியே அடக்கிவிடும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நாடித்துடிப்பைக் கூட்டும் பரிவு நரம்பும் அதைக் குறைக்கும் எதிர்ப்பரிவு நரம்பும் இருபுறமாக இழுக்கின்றன, எனவே துடிப்பு கூடினால் முன்னது கூடியதா பின்னது தளர்ந்ததா என்று உடனே சொல்ல இயலாது. வியர்வைச் சுரப்பிக்கு எதிர்ப்பரிவு நரம்பின் தொடர்பு இல்லை. பரிவு மண்டலத்தை மட்டும் தனித்துப் பார்க்க விரும்புவோர் உள்ளங்கையைத் தேடி வருவது இதற்காகவே.

கேள்வி: பழைய நூல்களில் மின்தடை என்றும், புதிய கட்டுரைகளில் மின்கடத்துதிறன் என்றும் இருக்கிறது. ஒன்றின் தலைகீழ்தானே மற்றொன்று? எதில் சொன்னால் என்ன?

பதில்: கணக்கில் தலைகீழ்தான், ஆனால் பொருளில் பெரிய வேறுபாடு வந்துவிடுகிறது. நாளங்கள் பக்க இணைப்பில் அமைந்த தடைகள் போன்றவை. பக்க இணைப்பில் கூட்டப்படுவது கடத்துதிறனே, தடை அன்று. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவருடைய தோலின் தடை 200 கிலோஓம், அதாவது கடத்துதிறன் 5 மைக்ரோசீமன்ஸ்; மற்றொருவருக்குத் தடை 50 கிலோஓம், கடத்துதிறன் 20 மைக்ரோசீமன்ஸ். இருவருக்கும் ஒரே அளவாக 1 மைக்ரோசீமன்ஸ் கூடுகிறது என்று கொள்வோம். முதலாமவரின் தடை ஏறத்தாழ 167 கிலோஓமாக, 33 கிலோஓம் அளவுக்கு இறங்கும். இரண்டாமவருக்கு இறங்குவது 2.4 கிலோஓம் மட்டுமே. புதிதாகத் திறந்த வழிகள் சமமாக இருக்க, தடையை மட்டும் பார்ப்பவர் முதலாமவர் பதினான்கு மடங்கு பதறினார் என்று எழுதிவிடுவார். 1971இல் லிக்கன், வெனபிள்ஸ் என்ற ஆய்வாளர்கள் கடத்துதிறனையே நேரடியாக அளக்க வேண்டும் என்று வலியுறுத்தியதற்குப் பின்னர் ஆய்வாளர் பலரும் அந்த வழிக்கு மாறினர்.

கேள்வி: திடீரென்று சத்தம் கேட்டால் கருவி உடனே காட்டுமா?

பதில்: உடனே காட்டாது. பொதுவாக ஒன்று முதல் மூன்று வினாடி தாமதம் இருக்கும். கடைசிக் கட்ட நரம்பிழைகளுக்கு செய்தியை விரைவுபடுத்தும் மயலின் என்ற கொழுப்பு உறை இல்லாததால் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது; அதன்பின் நாளம் நிரம்பவும் நேரம் வேண்டும். சத்தம் கேட்ட அரை வினாடிக்குள் வரைகோடு எழுந்தால், அது முந்தைய மூச்சிழுப்பின் விளைவாகவோ கை அசைந்ததாகவோ இருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் இதை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா?

பதில்: முடியாது. அச்சம், மகிழ்ச்சி, வலி, வியப்பு, மனக்கணக்குப் போடும் முயற்சி ஆகிய எல்லாவற்றுக்கும் கடத்துதிறன் ஒரே திசையில்தான் உயர்கிறது. கிளர்ச்சி எழுந்தது என்பதும் அது எவ்வளவு என்பதும் தெரியும். எதனால் எழுந்தது என்பது அந்தக் கோட்டில் இல்லை. குற்றமற்றவரும் குற்றச்சாட்டைக் கேட்டால் பதறுவார். 2003இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட அறிக்கையும், பாலிகிராஃப் சோதனைக்கு அடிப்படையான அறிவியல் வலுவற்றது என்ற முடிவுக்கே வந்தது.

கேள்வி: சாதாரண மல்டிமீட்டரின் முனைகளை இரு கைகளிலும் பிடித்துப் பார்த்தேன். எண் ஓயாமல் மாறுகிறது. என் நரம்பில் கோளாறா?

பதில்: கோளாறு பிடிக்கும் முறையில்தான் இருக்கும். விரல் அழுத்தம் சற்று மாறினாலே தொடுபரப்பு மாறி, எண்ணும் மாறிவிடும். வெறும் உலோகமும் வியர்வை உப்பும் சேர்ந்து தாமே ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குவதும் உண்டு. வெள்ளி, வெள்ளிக் குளோரைடு மின்முனைகளை ஆய்வகங்கள் விரும்புவது இதைத் தவிர்க்கவே. ஒரே கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மின்முனைகளை அசையாமல் ஒட்டி, அரை வோல்ட் அளவுள்ள நிலையான மின்னழுத்தம் தந்து, சில நிமிடங்கள் அமைதியாக இருந்த பிறகே அளவெடுப்பார்கள். நீங்களே கருவி செய்வதானால் சிறு பேட்டரியில் மட்டும் இயங்குவதாகச் செய்யுங்கள். சுவர் மின்சாரத்தோடு எந்த வகையிலும் இணைந்த கருவியை உடலில் பொருத்தாதீர்கள்.