கோல்ஃப் ஆடும்போது ஸ்பீக்கரில் பாட்டு போடலாமா? பக்கத்து ஹோலில் ஆடியவர் கோபப்பட்டது நியாயமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மைதானத்துக்குள் ஓட்டும் கோல்ஃப் வண்டியில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டு கேட்டுக்கொண்டே நண்பர்களோடு ஆடினீர்கள். பக்கத்து ஹோலில் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரைக்குமான பகுதியை ஒரு ஹோல் என்போம்) ஆடிக்கொண்டிருந்த பெரியவர் நேரே உங்களிடம் வந்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். விதியில் தடை இல்லாத விஷயத்துக்கு அவர் ஏன் கோபப்பட வேண்டும் என்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம். பாட்டே கூடாது என்று சொல்லவில்லை. போடலாம். ஆனால் அது உங்கள் வண்டியைச் சுற்றியே நின்றுவிட வேண்டும். பக்கத்து ஹோல் வரைக்கும் போனால், கேட்காதவர்கள் தலையில் நீங்கள் கட்டிய பாட்டு ஆகிவிடுகிறது.

விதியை முதலில் பார்த்துவிடலாம். ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்துதான் கோல்ஃப் விதிகளை வகுக்கின்றன. அதில் விதி 4.3 சொல்வது: போட்டிக்குச் சம்பந்தமில்லாத செய்தியோ பின்னணி இசையோ கேட்கலாம். ஆனால் வெளிச்சத்தம் காதில் விழாமல் இருக்கவோ, மட்டையை வீசும் ஸ்விங்குக்குத் தாளம் பிடிக்கவோ இசை கேட்கக் கூடாது. கேட்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் (அடி) தண்டனை, ஹோல் ஹோலாக வெற்றியை எண்ணும் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே போய்விடும். அதே ரவுண்டில் இன்னொரு முறை மீறினால் தகுதி நீக்கம். ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் எதுவும் வேண்டாம் என்று போட்டி நடத்தும் குழு ஒரு உள்ளூர் விதி போட்டுக்கொள்ளவும் இடமிருக்கிறது.

ஆக, நீங்கள் சொன்னது பாதி சரி. மீதி விதி 1.2இல் இருக்கிறது. 2019க்கு முன்பு மைதான நாகரிகம் பற்றியதெல்லாம் விதிப்புத்தகத்தின் முன்பக்கங்களில் தனியாக இருந்தது. அந்த ஆண்டு விதிகளைத் திருத்தி எழுதியபோது அதை முதல் விதிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். தாமதிக்காமல் ஆடுவது, மற்றவர்கள் பாதுகாப்பைப் பார்ப்பது, மற்றவர் ஆட்டத்தைக் கலைக்காமல் இருப்பது, எல்லாம் அங்கே வருகிறது. உங்களிடம் வந்தவர் கேட்டது அதில் கடைசியாகச் சொன்னதைத்தான்.

நானும் உங்கள் இடத்தில் இருந்திருக்கிறேன். நாங்கள் நான்கு பேர், இரண்டு வண்டி. ஸ்பீக்கரின் முதுகில் காந்தம் இருக்கும், கூரையைத் தாங்கும் கம்பியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு டீயில், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், முன்னால் ஆடுகிறவர்கள் நகரட்டும் என்று காத்திருந்தோம். முப்பது நாற்பது அடி வைத்தால் போய்விடும் தூரத்தில் வேறொரு ஹோலின் கிரீன், குழி இருக்கும் புல்தரை. அங்கே ஒரு வயதானவர் நான்கடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டும் பட் அடிக்கக் குனிந்து நின்றார். பட்டர் என்ற மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தார், எடுத்தார், விலகி நின்றார். மறுபடி வந்து குனிந்தார், மறுபடி விலகினார். எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. மூன்றாவது தடவை அடித்தார். பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டது. குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தார். இவ்வளவும் நடக்கும் வரை எங்களில் ஒருவருக்கும் ஸ்பீக்கரை அணைக்கத் தோன்றவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் பொத்தான் எட்டும். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

"சத்தம் குறைவாகத்தானே வைத்திருந்தோம்" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வண்டி ஓடும்போது இன்ஜின் சத்தத்துக்கும் சக்கரச் சத்தத்துக்கும் மேலே கேட்க வேண்டும் என்று கூட்டி வைப்போம். வண்டி நின்றதும் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிடும், பாட்டு மட்டும் அப்படியே இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல்தான் குறைகிறது. இரண்டு மீட்டரில் 75 டெசிபல் என்றால் 32 மீட்டர் தள்ளியும் 51 வரும். அமைதியான மைதானத்தில் அது தெளிவாகவே கேட்கும். காற்று அந்தப் பக்கம் அடித்தால் இன்னும் கூடுதல். விடிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும்போது ஒலி மேலே போகாமல் கீழே வளைந்து வருவதால் இன்னும் தூரம் போகும். பேஸ் சத்தத்தை நடுவிலுள்ள நாலு மரமெல்லாம் தடுக்காது. பாட்டின் வார்த்தை புரியாமல், அந்த 'தும் தும்' மட்டும் வந்து சேர்வது அடுத்தவருக்கு இன்னும் எரிச்சல்.

ஒரே சீராக வரும் சத்தம் காதுக்குப் பழகிவிடும், தூரத்துச் சாலைச் சத்தம் மாதிரி. கலைப்பது மாறும் சத்தம்தான். ஒரு பாட்டு முடிந்து இரண்டு நொடி அமைதி, அப்புறம் திடீரென்று அடுத்த பாட்டின் மேளம். இலவசச் செயலி என்றால் நடுவில் விளம்பரக்காரர் குரல். ஒருமுறை எங்கள் நண்பர் மட்டையைப் பின்னால் தூக்கும் பேக்ஸ்விங்கின் உச்சியில் இருக்கும்போது வேறொருவரின் போனுக்கு அழைப்பு வந்தது. போன் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததால் ரிங்டோன் முழுச் சத்தத்தில் அலறியது. பந்து போன இடம் இன்றுவரை தெரியாது. ஸ்பீக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் போனில் அழைப்பு ஒலியை நிறுத்திவிடுங்கள். தூரத்தைக் குரலில் சொல்லும் ஜிபிஎஸ் ஸ்பீக்கர் என்றால் அந்தக் குரலையும் குறைத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம், அதிகம் பேசப்படாதது. கோல்ஃப் பாதி காதால் ஆடும் விளையாட்டு. பந்து கிளப்பின் (மட்டையின்) நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா, தரையை முதலில் கொத்திவிட்டு அப்புறம் பட்டதா என்பதைக் கை உணர்வதற்குள் காது சொல்லிவிடும். இரும்புக் கிளப்பில் சரியாக விழுந்த அடியின் அந்தக் கெட்டியான 'டக்', அதற்குப் பின்னால் புல் கிழியும் சத்தம், எனக்கு இந்த விளையாட்டில் அதைவிடப் பிடித்தது ஒன்றும் இல்லை. பங்கர் என்ற மணல்குழியில் மணலை எவ்வளவு எடுத்தோம் என்பதும் சத்தத்திலேயே தெரியும். பாட்டு ஓடினால் இதெல்லாம் மூழ்கிவிடுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் பாட்டோடு ஆடினால், தன் அடியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி காதுக்கே வராமல் போகிறது என்பேன்.

பாதுகாப்பும் இருக்கிறது. பந்து யார் மீதாவது விழப்போகிறது என்றால் "ஃபோர்!" என்று கத்துகிறோம். அந்தச் சத்தம் காதில் விழாவிட்டால் அந்த ஏற்பாடே வீண். சரி, ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்கிறேன் என்றால், இரண்டு காதிலும் போடாதீர்கள். ஒரு காது எப்போதும் மைதானத்துக்கு.

"லிவ் கோல்ஃபில் மைதானம் முழுக்கப் பாட்டு ஓடுகிறதே" என்று என்னிடம் பல பேர் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான், அந்தத் தொழில்முறைப் போட்டித் தொடர் 2022இல் தொடங்கியதிலிருந்தே அங்கே அப்படி. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் ஓபன் போட்டி நடக்கும் ஸ்காட்ஸ்டேல் மைதானத்தின் 16ஆவது ஹோலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து கத்துகிறார்கள். ஆனால் அங்கே ஆடப்போகும் எல்லோருக்கும் அது முன்பே தெரியும், எல்லோருக்கும் ஒரே சத்தம், விடாமல் இருக்கும் சத்தம். உங்கள் பக்கத்து ஹோல்காரர் அதற்கெல்லாம் சம்மதித்து வரவில்லை. நான்கு மணி நேரத்துக்குமேல் ஒதுக்கி, அமைதியாக ஆடலாம் என்று வந்தவர் அவர். தொலைக்காட்சியில் பார்ப்பதை வைத்துப் பேசுவதென்றால், மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தில் பார்வையாளர்கள் செல்போன் கொண்டுவரவே அனுமதி இல்லை. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சரி, நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களோடு ஜோடி சேர்த்துவிட்டால் ஸ்பீக்கரைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. "பாட்டு போட்டால் உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று முதல் டீயில் எல்லோர் முன்னாலும் கேட்டால், யார்தான் "இருக்கிறது" என்பார்? மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நாள் முழுக்கப் பொறுத்துக்கொள்வார்கள். அதனால் அவர்களாகக் கேட்டால்தான் போடுவேன். பழகிய நண்பர்கள் என்றால் முந்தின நாளே தனித்தனியாகக் கேட்டுவிடுவேன். ஒருவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

போடும் நாளில் வண்டியை நிறுத்திவிட்டு இருபது அடி நடந்து பார்ப்பேன். பாட்டின் வார்த்தை அங்கே புரிந்தால் சத்தம் அதிகம். டீயிலும் கிரீனிலும் அணைத்துவிடுவேன், எங்கள் ஹோல் என்றாலும் சரி, பக்கத்தில் இருப்பது வேறு யாருடையது என்றாலும் சரி. வார்த்தை இல்லாத வாத்திய இசைதான் போடுவேன், ஏனென்றால் பாடும் குரல் கவனத்தை இழுக்கிற அளவுக்கு வாத்தியம் இழுப்பதில்லை. புது மைதானம் என்றால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவேன். சில இடங்களில் அடியோடு தடை, சில இடங்களில் கண்டுகொள்ள மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நீங்கள் இருந்தால், அதாவது அடுத்தவர் பாட்டு உங்களைக் கலைத்தால், தூரத்திலிருந்து கத்த வேண்டாம். கத்தினால் அவர்களுக்கு ரோஷம் வந்துவிடும். பக்கத்தில் போய், "கிரீனில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் குறைக்கிறீர்களா?" என்றால் பத்தில் ஒன்பது பேர் உடனே குறைத்துவிடுவார்கள். கேட்காதவர்களை, மைதானத்தைக் கண்காணிக்கும் மார்ஷலிடம் விட்டுவிடலாம்.

உங்களிடம் வந்தவர் அதைத்தான் செய்திருக்கிறார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவ்வளவு தூரம் நடந்து வந்து முகத்துக்கு நேரே சொன்னார். அவரை மறுபடி பார்த்தால் நீங்களே போய்ப் பேசுங்கள். எங்கள் பாட்டுக்கு நடுவில் பட் அடித்த அந்த வயதானவரை நான் அப்புறம் பல மாதம் தேடினேன். கண்ணில் படவே இல்லை.