இணையவழிப் பாடம்: கற்பித்தல் வடிவமைப்பாளரிடம் கேளுங்கள்

கல்முனை ஆசிரியை: ஸூமில் எடுத்த ஒரு மணிநேர வகுப்பை அப்படியே போட்டேன். பிள்ளைகள் பார்க்கிறார்களில்லை.

டீச்சர், வகுப்பில் பிள்ளையின் முகம் வாடினால் நிறுத்தி, திரும்பச் சொல்வீர்கள். பதிவு நிற்காது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத்தளத்தின் வீடியோக்களைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வில், ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவையே கவனத்தைப் பிடித்து வைத்திருந்தன. அதற்காக உடனே வெட்டத் தொடங்காதீர்கள். பாடம் முடிந்ததும் பிள்ளை பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை முதலில் எழுதுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு துண்டு. எந்தக் கேள்விக்கும் உதவாத பகுதியை விட்டுவிடுங்கள். டேட்டா காட் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்குக் காசும் மிச்சம்.

சம்மாந்துறை: எந்த மென்பொருள் நல்லது?

பாடத்தைப் போட்டுவைக்கும் தளமான மூடில், கேள்வி, பயிற்சி செய்யும் கருவியான எச்5பி இரண்டும் இலவசம், போதும். முதலில் கேள்வியை எழுதுங்கள் தம்பி.

வந்தாறுமூலை மாணவி: மூடில் கடவுச்சொல் மறந்துவிட்டது.

உங்கள் பீடத்தின் கணினிப் பிரிவில் கேளுங்கள் மகள்.

கல்லடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பாடம் தெரிந்த ஆசிரியர் இருக்க, இடையில் வடிவமைப்பாளர் எதற்கு?

சேர், நன்றாகத் தெரிந்தவர் பல படிகளைத் தன்னையறியாமல் தாண்டிவிடுவார். அதைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. அம்பாறை விவசாயிகளுக்கு நெல் நோய்ப் பாடம் ஒன்று செய்தோம். 'எரிபந்த நோயை அறிந்துகொள்வர்' என்று பாடத்தின் நோக்கம் எழுதி வந்தது. அறிந்ததை எப்படிச் சோதிப்பது? 'இலையைப் பார்த்து எரிபந்தத்தையும் கபிலப் புள்ளியையும் பிரித்துச் சொல்வர்' என்று மாற்றினோம். உடனே பாடமே மாறிவிட்டது: இரண்டு இலைப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் இரு முனையும் கூரான, நடுவில் சாம்பல் நிறப் புள்ளி. மற்றதில் முட்டை வடிவப் புள்ளி.

கல்லடி, மீண்டும்: இந்த நோய்களை உண்டாக்கும் பூஞ்சணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது அரைகுறை அறிவு.

விவசாய பீட மாணவனுக்கென்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வயலில் நிற்பவருக்கு இன்றைக்கு எந்த நோய் என்று தெரிய வேண்டும். யாருக்குப் பாடம் என்பதைக் கேட்காமல் எது அரைகுறை என்று சொல்ல முடியாது, சேர்.

அக்கரைப்பற்று: வீடியோ செய்ய எந்த மென்பொருள்?

மேலே சொன்னதுதான், மென்பொருள் பிறகு. கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கல்லடி: அந்தப் படங்கள் சரியானவை என்று யார் சொன்னது?

விவசாயப் போதனாசிரியர். நாங்கள் முதலில் போட்ட படத்தைப் பிழை என்று தூக்கியவரும் அவர்தான். அவர் இல்லாமல் அந்தப் பாடம் இல்லை, சேர்.