டி.எஸ்.எச். 6.4, டி4 நார்மல், ஆனால் சோர்வு தீரவில்லை: மாத்திரை தொடங்குவதா, காத்திருப்பதா?

டி4 என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன், டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன், தைராய்டு தளர்ந்தால் அது கூடும். உங்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் கொஞ்சம் கூடுதல். ஒரு டாக்டர் 25 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையை உடனே தொடங்கச் சொல்கிறார், இன்னொருவர் இதெல்லாம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நாற்பதை ஒட்டிய பெண், வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடி கொட்டுகிறது, மத்தியானம் ஆனால் கண் சொருகுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் அப்படியே என் கதை. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. திருச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மாத்திரைக்கு எதிராகப் பிரச்சாரம் செய்ய வந்தவளும் இல்லை. என் அக்கா தினமும் தைராய்டு மாத்திரை போடுகிறார், அதனால்தான் நன்றாக இருக்கிறார். அவர் கதையையும் கீழே சொல்கிறேன், அதையும் படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

எனக்கு டி.எஸ்.எச். வந்தது 6.9. ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேலே பார்த்த அம்புக்குறியோடு இருந்தது. ஃப்ரீ டி4 (டி4-ஐ அளக்கும் டெஸ்ட்) நார்மல். முதலில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "தைராய்டு இருக்கும்மா, ஆயுசு பூரா மாத்திரை போடணும்" என்று சீட்டு எழுதிவிட்டார். மாதவிடாய் எப்படி, என்ன சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, ஒரு கேள்வியும் கிடையாது. ஆயுசு பூரா என்கிற விஷயத்தை ஒரு நிமிடத்தில் முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை. சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன்.

அவர் வயதான அம்மா. என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அப்புறம், "அரிசி டப்பாவைத் திறந்தா ரெண்டு அரிசி வாயில போட்டு மெல்லணும்னு தோணுதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சரிசியைக் கைநிறைய அள்ளி மெல்லுவது பல மாதமாக நடந்துகொண்டிருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாது. "தீட்டு நாள்ல எத்தனை நாப்கின் மாத்துவீங்க, கட்டி கட்டியா போகுதா?" என்பது அடுத்த கேள்வி. அதுவும் ஆமாம்தான். நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று மாமியார் முதல் சக டீச்சர்கள் வரை சொன்னதால் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் வெறும் 6. ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்புச் சத்தின் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் டெஸ்ட். 15-க்குக் கீழே போனாலே இரும்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். முடி கொட்டல், மூச்சு வாங்கல், கால் ஓய்ச்சல் எல்லாமே அதிலும் வரும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்கிற சதைக் கட்டி தெரிந்தது, ரத்தம் போனது அதனால்தான். தைராய்டு ஹார்மோன் தயாராவதற்கு உதவும் டி.பி.ஓ. என்சைம் வேலை செய்யவே இரும்பு வேண்டும் என்று அந்த டாக்டரம்மாதான் சொன்னார். உடம்பின் எதிர்ப்பு சக்தி தைராய்டைத் தாக்குகிறதா என்று பார்க்கும் ஆன்டி டி.பி.ஓ. டெஸ்ட் எனக்கு நெகட்டிவ். ரத்தப்போக்குக்கு வைத்தியம் பார்த்து, இரும்பு மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு டி.எஸ்.எச். 4.1-க்கு இறங்கியது. அதைவிட முக்கியம், மத்தியானத்துக்கு அப்புறமும் வகுப்பில் என் குரல் எழும்பியது.

முதல் சீட்டை அப்படியே பின்பற்றியிருந்தால் 6.9-க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே ரத்தத்தை இழந்துகொண்டிருப்பேன். என் கோபம் மாத்திரை மேல் இல்லை, கேள்வி கேட்காத அவசரத்தின் மேல். "ஒன்றுமில்லை, போங்கள்" என்ற உங்கள் இரண்டாவது டாக்டர் மேலும் எனக்கு அதே வருத்தம் உண்டு. எண் சின்னதாக இருக்கலாம், சோர்வு சின்னதில்லையே. அதற்குக் காரணம் யார் தேடுவது?

இப்போது அக்கா. அவருக்கும் ஆரம்பத்தில் 7 சொச்சம்தான். ஆனால் ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறது. டி.எஸ்.எச். கூடுதலாகவும் இந்த டெஸ்ட் பாசிட்டிவாகவும் இருக்கிற பெண்களில் வருடத்துக்கு நூறில் நாலு பேர் அளவுக்கு முழு தைராய்டு குறைபாட்டுக்குப் போகிறார்கள். அக்காவுக்கு அடுத்தடுத்த டெஸ்டில் 10-ஐத் தாண்டியது. அந்த அளவுக்கு மேல் போனால் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் மாத்திரை, ஆறேகால் வரை காபி கிடையாது, இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரம் தள்ளித்தான். இதைச் சரியாகச் செய்ததில் அவர் முகத்து வீக்கமும் மலச்சிக்கலும் போயின.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே காலை நேரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் திரும்பப் பாருங்கள். டி.எஸ்.எச். அதிகாலையில் கூடவும் மத்தியானத்தில் குறையவும் செய்யும், பெரிய காய்ச்சலிலிருந்து தேறும்போதும் தற்காலிகமாக ஏறும். கணிசமான பேருக்கு மறு டெஸ்டில் தானாகவே இறங்கியிருக்கிறது. முடிக்காக பயோட்டின் என்கிற வைட்டமினை மாத்திரையாகவோ மெல்லும் மிட்டாயாகவோ சாப்பிடுகிறீர்கள் என்றால் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும். கூடவே ஆன்டி டி.பி.ஓ., ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். குறட்டை, தூக்கம், மனச்சோர்வு பற்றியும் நீங்களாகவே பேச்சை எடுங்கள், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2017-ல் வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வில், 65 வயதைத் தாண்டிய, இப்படி பார்டரில் இருந்த எழுநூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும் மீதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். சோர்வில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இளவயதினருக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது, இருந்தாலும் மாத்திரை போட்டவுடன் சோர்வு பறந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். டாக்டரும் நீங்களும் பேசி முயன்று பார்ப்பது என்று முடிவெடுத்தால், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டெஸ்ட் எடுங்கள். சில மாதத்தில் பலன் தெரியாவிட்டால் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சோர்வு பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பள்ளியில் வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. இருந்ததையும் எடுத்துவிட்டார்கள், உட்கார்ந்தால் பாடம் நடத்த மாட்டோமாம். ஜவுளிக் கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள் என்று 2021-ல் தமிழ்நாட்டில் உட்காரும் உரிமைக்குச் சட்டத் திருத்தமே வந்தது. ரத்தம் குறைந்து கால் நடுங்க நாள் முழுக்க நின்ற நான் ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, மெடிக்கல் சர்டிஃபிகேட் கொண்டுவாருங்கள் என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். "மற்றவர்களும் கேட்பார்களே" என்று பதில் வந்தது. கேட்கட்டுமே! நிற்க முடியாதவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ, மேலே சொன்ன இரண்டு மூன்று மாதக் காத்திருப்பு உங்களுக்கு இல்லை. முதல் மாதங்களில் குழந்தை அம்மாவின் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. இந்த வாரமே மகப்பேறு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். கழுத்தில் வீக்கம் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆன்டி டி.பி.ஓ.வும் ஃபெரிட்டினும் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.